கெட்டமின் டிரிப்ஸ் ஏற்றினால் ஃபைப்ரோமயால்ஜியா வலி தீருமா?

வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

உடல் முழுக்க வலி, எடுத்த பரிசோதனை எல்லாம் நார்மல், மாத்திரைகளிலும் பெரிய மாற்றமில்லை. ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் பலரின் நிலை இது. இந்த நிலையில் "கெட்டமின் ஏற்றிப் பார்க்கலாம்" என்று சொல்லப்பட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. மயக்க மருந்து மற்றும் வலி சிகிச்சைத் துறை மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்.

என் மனைவிக்கு வயது 43. ஆறு வருடமாக ஃபைப்ரோமயால்ஜியா. பிரெகாபலின், டுலாக்ஸெடின் இரண்டும் சாப்பிட்டும் வலி பத்துக்கு ஏழிலிருந்து இறங்கவே இல்லை. இப்போது கெட்டமின் ஏற்றலாம் என்கிறார்கள். அது ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்துதானே? வலிக்கு எதற்கு?
— வாசகர், திருச்சி

அதே மருந்துதான். 1962-ல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. 1970-ல் அமெரிக்க அரசு மயக்க மருந்தாக அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. மயக்கத்துக்கும் வலிக்கும் உள்ள வித்தியாசம் அளவிலும் வேகத்திலும்தான். ஆபரேஷனுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 120 மில்லிகிராம், சுமார் ஒரு நிமிடத்தில் நரம்பில் போகும். வலிக்கு அதே 120 மில்லிகிராம் நான்கு மணி நேரத்தில் சிறுகச் சிறுக ஏறும். நோயாளி விழித்திருப்பார், பேசினால் பதில் சொல்வார்.

ஏன் இந்த மருந்து என்பதற்கு வருவோம். ஃபைப்ரோமயால்ஜியாவில் தசையோ மூட்டோ அழியவில்லை. வலிச் செய்தியைக் கையாளும் முதுகுத்தண்டும் மூளையும் அளவுக்கு மீறி எச்சரிக்கையாக இருக்கின்றன. முதுகுத்தண்டு நரம்பு செல்களில் என்.எம்.டி.ஏ. என்ற ஏற்பி இருக்கிறது. சாதாரண நேரத்தில் அதன் வாயிலை மெக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். வலிச் செய்தி விடாமல் வந்துகொண்டே இருந்தால் அந்த அடைப்பு விலகும். குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் அந்த வாயிலைத் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். பிறகு அதே அளவு தூண்டலுக்கு முன்பைவிட அதிகமாக வலிக்கும். பிளவுஸ் தையல் உறுத்துவதும், குழந்தை மடியில் ஏறினாலே தொடை வலிப்பதும் இதனால்தான். கெட்டமின் அந்த ஏற்பியைப் போய் அடைக்கிறது.

இந்த விளக்கம் சரிதான். ஆனால் விளக்கம் பொருந்துகிறது என்பதாலேயே சிகிச்சையும் பலித்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

ஒரு தடவை ஏற்றினால் பலன் எத்தனை நாள் நிற்கும்? மூன்று மாதம் என்று ஒருவர் சொல்கிறார், மூன்று மணி நேரம் என்று இன்னொருவர் சொல்கிறார்.
— வாசகி, கோயம்புத்தூர்

ஃபைப்ரோமயால்ஜியாவைப் பொறுத்தவரை, இதுவரை நடந்த முறையான ஆய்வு சொல்வது இரண்டாமவர் கூற்றுக்கே நெருக்கம்.

2000-ம் ஆண்டு வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில் 29 நோயாளிகளுக்கு, கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் அளவில் அரை மணி நேரம் ஏற்றினார்கள். 17 பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்தது. நம்பிக்கை தந்த முடிவுதான். ஆனால் எவ்வளவு காலத்துக்கு என்ற கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது நெதர்லாந்தின் லைடன் நகரில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு. 24 பேர். பாதிப் பேருக்குக் கெட்டமினின் ஒரு வடிவமான எஸ்-கெட்டமின் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் அரை மணி நேரத்தில். மீதிப் பேருக்குத் தூக்கக் கலக்கம் தரும் மிடசோலம் 5 மில்லிகிராம். வெறும் உப்பு நீரை ஒப்பீட்டுக்கு வைக்காமல் மிடசோலத்தை வைத்ததற்குக் காரணம் உண்டு. கெட்டமின் ஏறினால் மிதப்பது போல இருக்கும், நோயாளிக்கு உடனே தெரிந்துவிடும். மறுபக்கம் இருப்பவருக்கும் ஏதோ ஒரு மயக்கம் தெரிந்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

ஏற்றி முடித்த கால் மணி நேரத்தில் கெட்டமின் பெற்ற 12 பேரில் 8 பேருக்கு வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மற்ற தரப்பில் 3 பேருக்கு. மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. எட்டு வாரம் தொடர்ந்தும் வித்தியாசம் வரவில்லை. ரத்தத்தில் கெட்டமினின் அளவு பாதியாகக் குறைய இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். மருந்து இருக்கும்வரை நிவாரணம், மருந்து இறங்கினால் வலி ஏறும்.

"மூன்று மாதம்" எங்கிருந்து வந்தது? அது சி.ஆர்.பி.எஸ். என்ற வேறு நோய்க்கான முடிவு. அடிபட்ட கையிலோ காலிலோ வீக்கம், நிறமாற்றம், தாங்க முடியாத எரிச்சலோடு வருவது. லைடனிலேயே 60 சி.ஆர்.பி.எஸ். நோயாளிகளுக்கு மருத்துவமனையில் படுக்க வைத்து நான்கு நாளுக்கு மேல் விடாமல் ஏற்றினார்கள். 11-வது வாரம் வரை வலி குறைந்திருந்தது. பாதித்த கை, காலின் செயல்திறன் மட்டும் கூடவில்லை. 2018-ல் அமெரிக்காவின் மூன்று மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட கெட்டமின் வழிகாட்டுதலும் சி.ஆர்.பி.எஸ்.ஸுக்கு ஓரளவு ஆதாரம் இருப்பதாகவும், ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு ஆதாரம் மிக பலவீனம் என்றும்தான் சொல்கிறது. ஒரு நோயின் முடிவை இன்னொரு நோய்க்கு விளம்பரமாக வைப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

அப்படியானால் யாருக்குமே வேண்டாமா? அப்படியும் இல்லை. தொட்டாலே வலிக்கிற அளவுக்கு முற்றிப்போய், பிசியோதெரபி மேசையில் படுக்கவே முடியாதவருக்கு, சில மணி நேரமோ சில நாளோ வலி தணிந்தால் அந்த இடைவெளியில் அசைவுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். அந்த நோக்கத்தோடு, அடுத்த நாளே பிசியோதெரபிக்கு நேரம் குறித்துவிட்டு ஏற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ஏற்றிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டு வலி தீர்ந்ததா என்று காத்திருப்பதில் பணம்தான் போகும்.

ஏற்றுகிற அன்று என்னென்ன நடக்கும்? வெறும் வயிற்றோடு போக வேண்டுமா? என்ன தப்பு நேரலாம்?
— வாசகர், சேலம்

திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம். இதில் அடிக்கடி தவறுவது காலைக் காபியில்தான். பால் கலந்த காபி, டீ, ஹார்லிக்ஸ் எல்லாம் உணவுக் கணக்கு. அதற்கும் ஆறு மணி நேரம். கெட்டமினில் வாந்தி வருவது சாதாரணம், எச்சிலும் அதிகம் சுரக்கும். வயிற்றில் பால் இருந்தால் மூச்சுக்குழலில் போகிற ஆபத்து உண்டு. பி.பி. மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு வழக்கம்போலப் போட வேண்டும். சுகர் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் தாழ்சர்க்கரை வரலாம். எதை நிறுத்துவது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். நெயில் பாலிஷும் கறுப்பு மருதாணியும் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை ஏமாற்றும். ஒரு விரலாவது சுத்தமாக இருக்கட்டும். கூட ஒருவர் கட்டாயம் வர வேண்டும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவதும் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதும் வேண்டாம்.

அங்கே போனதும் எடை பார்ப்பார்கள். வீட்டில் சொன்ன எடையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, எடைக் கருவியில் நிற்க வேண்டும். பி.பி., நாடித்துடிப்பு, ஆக்ஸிஜன் அளவு, ஈ.சி.ஜி. மானிட்டர் பொருத்திய பிறகுதான் ஊசி.

நடைமுறைக் கணக்கு ஒன்று. கெட்டமின் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் உள்ள குப்பியிலிருந்து 2 மில்லி எடுத்து, 48 மில்லி நார்மல் சலைனில் கலந்தால் 50 மில்லி சிரிஞ்சில் 100 மில்லிகிராம். ஒரு மில்லிக்கு 2 மில்லிகிராம். 60 கிலோ எடைக்கு மணிக்கு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றால் மணிக்கு 30 மில்லிகிராம். சிரிஞ்ச் பம்பில் வைக்க வேண்டிய வேகம் மணிக்கு 15 மில்லி. அந்த 2018 வழிகாட்டுதல் குறைந்தது 80 மில்லிகிராமை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏற்றச் சொல்கிறது. இந்த வேகத்தில் 80 மில்லிகிராம் ஏற 2 மணி 40 நிமிடம் ஆகும். நான்கு மணி நேரம் என்றால் சிரிஞ்ச் ஒருமுறை மாற்ற வேண்டும்.

தவறு நேரும் இடம் முதலில் குப்பியில்தான். மில்லிக்கு 10 மில்லிகிராம் உள்ள குப்பியும் உண்டு. அதை 50 என்று நினைத்து எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறும். "எனக்குப் பலிக்கவில்லை" என்று நோயாளி வீடு திரும்புவார். மாறி நடந்தால் ஐந்து மடங்கு ஏறி முழு மயக்கத்துக்கே போய்விடலாம். அதனால் குப்பியின் லேபிளையும் கலந்த அளவையும் இருவர் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். சிரிஞ்சின் மேல் ஒட்டும் சீட்டில் மருந்து, மில்லிக்கு எத்தனை மில்லிகிராம், கலந்த நேரம் மூன்றும் இருக்க வேண்டும். அடுத்தது, பம்ப் இல்லாமல் சாதாரண டிரிப்ஸ் செட்டில் சொட்டு எண்ணி விடுவது. நோயாளி கையை மடக்கினால் சொட்டு நிற்கும், நீட்டினால் ஓடும். இந்த மருந்துக்கு அது ஆகவே ஆகாது.

ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் உதடும் நாக்கும் மரத்ததுபோல் இருக்கும். பேச்சுக்குரல் தூரத்தில் கேட்கும். கண் லேசாக ஆடும், சுவர் அசைவதுபோல் தெரியும், நேரம் நின்றுவிட்டதுபோலத் தோன்றும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பெரும்பாலானோர் இதைத் தாங்கிவிடுவார்கள். சொல்லாமல் ஏற்றினால் அதே உணர்வு சாவு பயமாக மாறும். விளக்கைக் குறைத்து, சத்தமில்லாத அறையில், கண்ணை மூடிப் படுப்பது நல்லது. பயம் கூடினால் பம்பை மெதுவாக்குவார்கள் அல்லது நிறுத்துவார்கள்; தேவைப்பட்டால் மிடசோலம் 1 மில்லிகிராம் போடுவார்கள். வாந்திக்கு ஆண்டான்செட்ரான் 4 மில்லிகிராம். பி.பி.யும் நாடித்துடிப்பும் ஏறுவது எதிர்பார்த்ததே. நெஞ்சுவலி, தாங்க முடியாத தலைவலி, மூச்சுத் திணறல் என்றால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். மருந்து நின்ற பிறகு மிதப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். எழுந்தவுடன் தனியாகக் கழிப்பறைக்குப் போகாதீர்கள், விழுவது அங்கேதான்.

மூச்சுக்குழாய் நிபுணத்துவமும் இதய உயிர்காப்புப் பயிற்சியும் உள்ள மருத்துவர் அந்த அறைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா, ஆக்ஸிஜனும் உறிஞ்சு கருவியும் கையெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். தயங்கிப் பதில் வந்தால் அந்த இடத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அம்மாவுக்கு 61 வயது. பி.பி., சுகர், ஃபேட்டி லிவர் மூன்றும் உண்டு. கொடுக்கலாமா?
— வாசகி, திருநெல்வேலி

பி.பி. மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் அது மட்டும் தடையில்லை. கட்டுக்குள் இல்லாத பி.பி., சமீபத்திய மாரடைப்பு, நெஞ்சுவலி இருந்தால் கூடாது. கர்ப்பம், மனச்சிதைவு போன்ற நோய், போதைப் பழக்கம், மூளை அழுத்தம் அல்லது கண் அழுத்தம் அதிகமாக இருப்பது, கல்லீரல் கடுமையாகக் கெட்டிருப்பது ஆகியவையும் தவிர்க்க வேண்டியவை. ஃபேட்டி லிவர் என்று ஸ்கேனில் எழுதியிருப்பதால் மட்டும் முடிவெடுக்க முடியாது, கல்லீரல் செயல்பாட்டைக் காட்டும் எல்.எஃப்.டி. ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள். இதை நாங்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சி.ஆர்.பி.எஸ். நோயாளிகளுக்கு 100 மணி நேரம் ஏற்றி, 16 நாள் இடைவெளியில் மறுபடியும் 100 மணி நேரம் ஏற்றிய ஓர் ஆய்வில் 6 பேரில் 3 பேருக்குக் கல்லீரல் பாதித்தது. நாலு மணி நேர ஏற்றத்துக்கும் அதற்கும் தூரம் அதிகம்தான்; ஆனாலும் திரும்பத் திரும்ப ஏற்றும் திட்டம் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன் எல்.எஃப்.டி. அவசியம்.

நான் டுலாக்ஸெடின் 60, இரவில் குளோனசெபாம், வலி அதிகமானால் டிரமடால் எடுக்கிறேன். எதையாவது நிறுத்த வேண்டுமா?
— வாசகி, புதுச்சேரி

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். டுலாக்ஸெடினையோ குளோனசெபாமையோ திடீரென்று விட்டால் வரும் தலைசுற்றலும் பதற்றமும் தனி நோய்போல இருக்கும். குளோனசெபாமை அப்படி விட்டால் வலிப்புகூட வரலாம். குளோனசெபாம் கெட்டமினோடு சேர்ந்து தூக்கத்தைக் கூட்டும், அதனால் எப்போது போட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். கிளாரித்ரோமைசின் (ஆன்டிபயாட்டிக்), கெட்டோகோனசோல் (பூஞ்சை மருந்து) போன்றவை கெட்டமினைக் கல்லீரல் கரைக்கும் வேகத்தைக் குறைக்கும். ஆஸ்துமாவுக்கு தியோஃபிலின் எடுப்பவருக்கு வலிப்பு ஆபத்து கூடும்.

உங்கள் பட்டியலில் எங்களுக்குக் கவலை தருவது வேறு. டுலாக்ஸெடினும் டிரமடாலும் சேர்ந்தால் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் அளவு மீறிக் கை நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு வரலாம். இரண்டையும் எழுதியது ஒரே மருத்துவரா, வெவ்வேறு மருத்துவர்களா என்று பார்த்து, இந்த வாரமே காட்டுங்கள்.

கெட்டமினை மாத்திரையாகவோ மூக்கு ஸ்ப்ரேயாகவோ வாங்கி வீட்டிலேயே எடுக்க முடியாதா? செலவு மிச்சமாகுமே.
— வாசகர், சென்னை

வேண்டாம். இந்தியாவில் 2013 முதல் கெட்டமின் கடும் கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியல் மருந்து. மருத்துவர் சீட்டு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும், ஒன்றை மருந்துக்கடை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. சீட்டில்லாமல் தருபவர் எதைத் தருகிறார் என்பதற்கு யாரும் உத்தரவாதமில்லை. அமெரிக்காவில் மருந்துக்கடைகளே கலந்து வீட்டுக்கு அனுப்பும் கெட்டமின் பற்றி அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2023 அக்டோபரில் எச்சரிக்கை விட்டது. வீட்டில் யாரும் கண்காணிக்காமல் எடுக்கும்போது மூச்சு மந்தமாவதும் பி.பி. ஏறுவதும் அதில் முக்கியக் கவலை. கெட்டமின் பழக்கமும் ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.

மருந்தின் விலை குறைவுதான். மருத்துவமனை வாங்குவது படுக்கை, மானிட்டர், பக்கத்தில் நிற்கும் ஆள் ஆகியவற்றுக்கான கட்டணம். அதை மிச்சப்படுத்தக் கூடாது.

அப்படியானால் கெட்டமினுக்கு முன் என்னவெல்லாம் செய்து பார்த்திருக்க வேண்டும்? எல்லாம் சாப்பிட்டாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.
— வாசகி, யாழ்ப்பாணம்

முதலில் நோய் ஃபைப்ரோமயால்ஜியாதானா என்று உறுதி செய்ய வேண்டும். 2016 அளவுகோலின்படி உடலின் 19 இடங்களில் வலி எத்தனை இடத்தில் என்பது ஒரு மதிப்பெண். சோர்வு, தூங்கி எழுந்தும் அலுப்பு, மறதி போன்றவை 12-க்கு இன்னொரு மதிப்பெண். முதல் மதிப்பெண் குறைந்தது 7, இரண்டாவது குறைந்தது 5; அல்லது முதலாவது 4 முதல் 6, இரண்டாவது குறைந்தது 9 வர வேண்டும்; உடலின் ஐந்து பகுதிகளில் நான்கிலாவது வலி இருந்து, மூன்று மாதம் நீடித்திருக்க வேண்டும். டி.எஸ்.ஹெச். (தைராய்டு), ரத்த அணுக்கள், இ.எஸ்.ஆர். (அழற்சி), வைட்டமின் டி, சி.பி.கே. (தசை பாதிப்பு) பார்த்திருக்க வேண்டும். கொழுப்புக்குப் போடும் ஸ்டாட்டின் மாத்திரையாலும் தசை வலிக்கும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

"எல்லாம் சாப்பிட்டாகிவிட்டது" என்பதை நாங்கள் சீட்டைப் பார்த்தே நம்புவோம். பிரெகாபலின் 75 மில்லிகிராம் இரவில் மட்டும் பத்து நாள் எடுத்து, தலை சுற்றியது என்று விட்டிருந்தால் அது முயற்சிக் கணக்கில் வராது. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அது ஒரு நாளைக்கு 300 முதல் 450 வரை படிப்படியாக ஏற வேண்டிய மருந்து. சிறுநீரகம் பலவீனமானால் அளவு குறையும். டுலாக்ஸெடின் 30-ல் சாப்பாட்டுக்குப் பின் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 60. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமை படுக்கப் போகும் நேரத்தில் போட்டுவிட்டுக் காலையில் எழ முடியவில்லை என்பவர்கள், படுக்க இரண்டு மணி நேரம் முன்பு போட்டுப் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய வாதநோய் அமைப்பு வெளியிட்ட பரிந்துரைகளில் உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்றுதான்: உடற்பயிற்சி. மருந்து எதற்கும் அந்த உறுதியைத் தரவில்லை. இதைச் சொன்னால் நோயாளிக்குக் கோபம் வருவது நியாயம், ஏனென்றால் நடந்த அடுத்த நாள் எழுந்திருக்க முடியவில்லை. பெரும்பாலும் காரணம் தொடங்கிய அளவு. நல்லாயிருக்கும் நாளில் முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு மூன்று நாள் படுப்பதைவிட, மோசமான நாளிலும் முடிகிற அளவை, ஐந்து நிமிடமானாலும் சரி, தினமும் நடக்க வேண்டும். இரண்டு வாரம் அதே அளவு. பிறகு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். வலி கொஞ்சம் கூடினாலும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் அளவு சரி. வராவிட்டால் முந்தைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

எத்தனை தடவை ஏற்றிப் பார்த்துவிட்டு நிறுத்துவது?
— வாசகர், ஈரோடு

முதல் ஊசிக்கு முன்பே அதை மருத்துவரோடு எழுதி முடிவு செய்யுங்கள். ஏற்றுவதற்கு முன் இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் வலி எண், தூங்கிய மணி, நடந்த நிமிடம், வலிமாத்திரை எண்ணிக்கை நான்கையும் நோட்டில் குறியுங்கள். பின்னும் அதையே தொடருங்கள். ஏற்றிய நாளின் எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மருந்து உடம்பில் இருக்கும்போது பலருக்கும் குறையும். இரண்டாவது வாரச் சராசரியில் வலி 30 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும், அல்லது நடை கூடியிருக்க வேண்டும். ஏழு ஐந்துக்கு வந்தால் ஏறக்குறைய அந்த அளவு. முதல் ஏற்றத்தில் ஒன்றுமில்லை என்றால் அளவு சரியாகக் கலந்ததா என்று பார்த்து இன்னொரு முறை முயலலாம். அதற்கு மேல் "ஆறு ஊசி பேக்கேஜ்" என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எதிர்பார்ப்பே பாதி வேலை செய்துவிடும் என்பதற்கும் சான்று உண்டு. ஸ்டான்ஃபோர்டில் மனச்சோர்வு உள்ள 40 பேருக்கு, ஆபரேஷன் மயக்கத்தில் இருக்கும்போது கெட்டமினையோ சலைனையோ கொடுத்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே அளவில் நல்லாயிற்று. 2023-ல் வெளியானது. நோட்டுப் புத்தகம் அதற்காகத்தான்.

டொராண்டோவில் இருக்கும் என் தங்கை ஒரு வருடமாக கெட்டமின் சிகிச்சையில் இருக்கிறாள். இப்போது அடிக்கடி சிறுநீர் போகிறது, எரிகிறது. யூரின் கல்ச்சரில் கிருமி இல்லை என்கிறார்கள். இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக்கும் ஆகிவிட்டது.
— வாசகி, மதுரை

கெட்டமின் சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கும் என்று 2007-ல் முதலில் எழுதியதே டொராண்டோ மருத்துவர்கள்தான். போதைக்காகத் தினமும் எடுத்த 9 பேரிடம் அதைக் கண்டார்கள். சிகிச்சை அளவில் இது குறைவு, ஆனால் ஒரு வருடம் என்பதால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதையே. கிருமி இல்லாமல் எரிச்சல், அரை மணிக்கொரு முறை போவது, அடிவயிற்று வலி, சில சமயம் ரத்தம் என்று வரும். ஆன்டிபயாட்டிக்கால் பயனில்லை. தொடர்ந்தால் பை சுருங்கி, பிறகு திரும்பாது.

ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்குக் கெட்டமின் இல்லாமலே சிறுநீர்ப்பை உறுத்தல் இருப்பது சகஜம். அதனால்தான் இது பல மாதம் கண்டுகொள்ளப்படாமல் போகிறது. சிகிச்சை தொடங்கும் முன் ஒரு நாளில் எத்தனை தடவை, இரவில் எத்தனை தடவை என்று எழுதி வைத்திருந்தால் மாற்றம் தெரிந்திருக்கும். தங்கை அடுத்த ஏற்றத்தை ஒத்திவைத்துவிட்டு, எவ்வளவு காலமாக எத்தனை மில்லிகிராம் ஏறியது என்ற விவரத்தோடு சிறுநீரகவியல் மருத்துவரைப் பார்க்கட்டும். யூரின் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போனால் கெட்டமின் பேச்சே எழாது. தங்கையே அதைச் சொல்ல வேண்டும்.